ஒரு நாள் ஆயுள்: மலாக்காத் தோட்டத்துக் கள் கடந்து வந்த பாதை

பாளையிலிருந்து சொட்டும்போது அது இனிப்புச் சாறு. கலயம் நிறைவதற்குள்ளேயே புளிக்கத் தொடங்கிவிடும். உச்சிவேளைக்குள் நுரை தள்ளி, நாக்கைச் சுர்ரென்று பிடிக்கும் கள்ளாகும். மறுநாள் விடிந்தால் பாதி காடி. மது வகைகளில் இவ்வளவு குறுகிய ஆயுள் கொண்டவை மிகச் சிலவே.

அந்த ஒரு நாள் ஆயுள்தான் மலாக்காவின் ரப்பர்த் தோட்டங்களில் கள்ளின் தலையெழுத்தையும் அதைக் குடித்தவர்களின் தலையெழுத்தையும் எழுதியது. கெட்டுப்போகும் பொருளை வைத்திருப்பவன் காத்திருக்க முடியாது. காத்திருக்க முடியாதவனுக்கு விலை சொல்லும் உரிமை கிடையாது. கள்ளின் கதையை முதலிலிருந்து சொன்னால் இந்த ஒரு செய்திதான் ஒவ்வொரு திருப்பத்திலும் எதிரே வந்து நிற்கிறது.

பிறப்பிலிருந்தே தொடங்குவோம். தென்னையில் இன்னும் விரியாத பாளையைத் தேர்ந்து, அது வெடித்து மலராதபடி நாரால் இறுகக் கட்டி, சிறு கட்டையால் நாள்தோறும் தட்டிப் பதப்படுத்துவார்கள். சில நாள் கழித்து நுனியைச் சீவினால் சாறு கசியும். அதன் பிறகு காலையும் மாலையும் மரமேறி, மெல்லிய சீவல் ஒன்று எடுத்து, நிறைந்த கலயத்தை இறக்கி, காலிக் கலயத்தை மாட்ட வேண்டும். சீவுவதை விட்டுவிட்டால் வெட்டு வாய் அடைத்துக்கொள்ளும். ஆழமாகச் சீவினால் பாளை வீணாகும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவினால் நுண்ணுயிர்கள் அடங்கி, சாறு பதநீராக நிற்கும். தடவாவிட்டால் கலயத்திலும் காற்றிலும் இருக்கும் ஈஸ்ட்டும் பாக்டீரியாவும் வேலையைத் தொடங்கிவிடும். சாற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 12 முதல் 15 பங்கு சர்க்கரை. சில மணி நேரத்தில் அது நூற்றுக்கு நான்கைந்து பங்கு ஆல்கஹாலாக மாறும். பீரில் இருப்பது ஏறக்குறைய அந்த அளவுதான். அதற்கு மேல் அசிட்டிக் பாக்டீரியாவின் கை ஓங்கி, கள் காடியாகிவிடும்.

இதில் மனிதன் சேர்ப்பது எதுவுமில்லை. நேரத்துக்கு ஏறுவதும், அளவாகச் சீவுவதும், கலயத்தைச் சுத்தமாக வைப்பதும்தான் அவன் வேலை. அந்தக் கைப்பழக்கம் தலைமுறை தலைமுறையாக வருவது.

கடல் கடந்த மதுவும் கடக்க முடியாத மதுவும்

தமிழ் நிலம் தன் மதுவை மட்டும் குடித்து வாழ்ந்ததில்லை. புதுச்சேரிக்கு அருகே அரிக்கமேட்டில் 1945இல் மார்ட்டிமர் வீலர் அகழாய்வு செய்தபோது இரட்டைப் பிடி வைத்த மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. பின்னாளில் அவற்றை ஆராய்ந்த எலிசபெத் லைடிங் வில், சில சாடிகள் கிரேக்கத் தீவான கோஸிலிருந்தும், சில இத்தாலியின் நேப்பிள்ஸ் வளைகுடாவை ஒட்டிய காம்பானியாவிலிருந்தும் வந்தவை என்று கண்டறிந்தார். யவனர் கொண்டுவந்த மதுவைப் பாண்டியன் நன்மாறன் பொற்கலத்தில் பருகி மகிழ வேண்டும் என்று நக்கீரர் வாழ்த்தும் பாட்டு புறநானூற்றில் 56ஆவது பாட்டாக இருக்கிறது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே இத்தாலியத் திராட்சை மது தமிழ்க் கரையில் இறங்கியிருக்கிறது.

அந்த மது வர முடிந்ததற்குக் காரணம், அது காத்திருக்கக் கூடியது. உட்புறம் பிசின் பூசிய சாடியில் வாய் அடைத்து வைத்தால் பல மாதக் கடல் பயணத்தைத் தாங்கும். பருவக்காற்று திரும்பும்வரை துறைமுகத்தில் கிடக்கும். நல்ல விலை கேட்கும்வரை பண்டகசாலையில் இருக்கும்.

கள்ளால் அது முடியாது. அடுத்த ஊருக்குப் போய்ச் சேர்வதற்குள் அதன் நிறமும் மணமும் மாறிவிடும். ஆகவே கள் எங்கும் பயணம் செய்ததில்லை. பயணம் செய்தவை இறக்கத் தெரிந்த கைகளும் குடித்துப் பழகிய நாக்குகளும்தான். 1290களில் சீனாவிலிருந்து கடல்வழியே ஊர் திரும்பிக்கொண்டிருந்த வெனிஸ்காரர் மார்க்கோ போலோவுக்குக் காற்று மாறும்வரை சுமத்ராவின் வடபகுதியில் ஐந்து மாதம் தங்க நேர்ந்தது. அங்கே பனையினத்து மரம் ஒன்றின் கிளையை வெட்டி, வெட்டு வாயில் பெரிய பானையைக் கட்டிவிட்டால் ஒரு பகலும் ஓர் இரவும் கழிவதற்குள் அது மதுவால் நிறைந்துவிடுகிறது என்றும், அந்த மது வெள்ளையும் உண்டு சிவப்பும் உண்டு என்றும் அவர் வியந்து எழுதினார். திராட்சை நாட்டிலிருந்து வந்தவருக்கு, பிழியாமல் மிதிக்காமல் மரமே மது தருவது அதிசயமாகத் தெரிந்தது. சுமத்ராவுக்கு எதிர்க்கரையில் மலாக்கா நகரம் அப்போது எழும்பியிருக்கவில்லை. அது எழும்ப இன்னும் நூறு ஆண்டு இருந்தது.

மரவள்ளி போய் ரப்பர் வந்தது

மலாக்காவில் தமிழர் வரலாறு தோட்டத்தோடு தொடங்கியதல்ல. சுல்தான்கள் காலத்து வணிகர்களின் வழிவந்த மலாக்கா செட்டிகள் காஜா பெராங்கில் இன்றும் வாழ்கிறார்கள். அவர்களுடைய ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி கோயில் 1781இல் எழுந்தது. தோட்டத்துத் தமிழர்கள் வந்தது வேறு காலம், வேறு காரணம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் மலாக்காவின் உட்பகுதிகள் மரவள்ளி விளைந்த நிலம். சிங்கப்பூர்த் தாவரவியல் பூங்காவின் இயக்குநர் ரிட்லி, ரப்பர் நடுங்கள் என்று பார்க்கிற தோட்டக்காரர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அதைக் காதில் போட்டுக்கொண்டவர் மலாக்காவின் டான் சே யான். 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் அவர் நட்ட ரப்பர்தான் மலாயாவில் வாணிபத்துக்காக நடப்பட்ட முதல் ரப்பர்த் தோட்டமாகக் கருதப்படுகிறது. இரண்டு ஆண்டில் புக்கிட் அசஹானில் 3,000 ஏக்கர் அளவில் இறங்கினார். சில ஆண்டுகளில் அந்தப் பெருந்தோட்டம் பிரிட்டிஷ் கம்பெனியின் கைக்குப் போயிற்று. ஜாசின், அலோர் காஜா, மெர்லிமாவ், மஸ்ஜிட் தானா என்று மாநிலமெங்கும் ரப்பர் பரவியது.

மரம் வளர்ந்தது, பால் வெட்ட ஆள் வேண்டும். நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல்கள் நிறைந்தன. கங்காணிகள் தம் ஊருக்கும் அக்கம்பக்கத்து ஊர்களுக்கும் போய் ஆள் சேர்த்தார்கள். 1926இல் ஓடத் தொடங்கிய ரஜுலா கப்பலின் பெயரைத் தோட்டத்துப் பெரியவர்கள் சொந்த ஊரின் பெயரைப் போலச் சொல்வார்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாத குடும்பத்தினர், சாதியின் பெயரால் ஊருக்கு வெளியே வைக்கப்பட்டவர்கள். கூலி நாணயமாகக் கைக்கு வரும் என்பதே அவர்களுக்கு அன்று பெரிய செய்தி.

அவர்களோடு கள்ளும் வந்தது என்றால், பழக்கமாகவும் ஏக்கமாகவும்தான் வந்தது. ஊரில் அது அறுவடை முடிந்த மாலையின் பொருள், கொடையும் திருவிழாவும் நடக்கும் நாளின் பொருள். அதியமானும் ஒளவையும் பகிர்ந்து குடித்த மரபு ஒரு பக்கம். திருக்குறள் 93ஆம் அதிகாரமாகக் கள்ளுண்ணாமையை வைத்த மரபு இன்னொரு பக்கம். இரண்டையும் சேர்த்தே சுமந்துகொண்டு மக்கள் கப்பல் ஏறினார்கள்.

பாலும் கள்ளும்

தோட்டத்தில் பொழுது இருட்டோடு தொடங்கும். மணி அடித்ததும் பெரட்டுக் களத்தில் வரிசையாக நின்று பெயர் கொடுத்துவிட்டு, விளக்கோடு தம் மர நிரைக்குப் போவார்கள். குளிர்ந்த வேளையில்தான் பால் நன்றாக வடியும். மரப்பட்டையில் சாய்வாக மெல்லிய சீவல் எடுத்து, பால் வடியும் மங்குக் கிண்ணத்தைச் சரிப்படுத்திவிட்டு அடுத்த மரம். முற்பகலில் பாலைச் சேகரித்து, வாளிகளைக் காண்டாக் கம்பில் தூக்கி ஸ்டோருக்குக் கொண்டுபோனால் கணக்கரான கிராணி நிறுப்பார். மெட்ரோலாக் கருவியைப் பாலில் விட்டு அதில் ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார். அவர் எழுதும் எண்ணே கணக்கு. தொழிலாளியின் நாக்கோ கண்ணோ சாட்சி சொல்ல முடியாது. பாலும் கள்ளைப் போலத்தான். சில மணி நேரத்தில் உறைந்து கெட்டியாகிவிடும். வெட்டியவன் அதை வீட்டில் வைத்துக்கொண்டு நல்ல விலைக்குக் காத்திருக்க வழியில்லை. மரமும் கம்பெனியுடையது, ஸ்டோரும் கம்பெனியுடையது, தராசும் கம்பெனியுடையது.

பாலைக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் கள்ளுக்கடை. அந்தக் கடையின் அமைப்புதான் இந்தக் கதையின் நடுப்புள்ளி. தோட்டத்துக் கள்ளுக்கடைக்கு உரிமம் நிர்வாகத்தின் கையில் இருந்தது. தென்னைகள் தோட்டத்துக்குள் நின்றன. கள் இறக்கத் தனி ஆட்கள் அமர்த்தப்பட்டார்கள். டவுன்களில் அரசாங்கமே கள்ளுக்கடை நடத்தி வருமானம் பார்த்தது. அதற்கு முன்பும் மலாக்கா அடங்கிய நீரிணைக் குடியேற்றங்களில் அபினி, சாராயம், கள், பாங்கு ஆகியவற்றின் விற்பனையைக் குத்தகைக்கு விட்டுக் கஜானாவை நிரப்பியது அதே ஆட்சிதான். தோட்டத்துக் கடையின் இலாபம் தொழிலாளர் நலனுக்குச் செலவாக வேண்டும் என்று ஏற்பாடு இருந்தது. அதன்படி பார்த்தால், தொழிலாளி தன் கூலியில் கொடுத்த காசு கொஞ்சம் நிர்வாகத்தின் கொடையாகத் திரும்பி வந்தது. மிச்சத்தைத் திருப்பித் தர எந்த ஏற்பாடும் கிடையாது. கணவனின் கூலி கடையில் இறங்கிய நாளில் அடுப்பு எரியாத லய வீடுகளுக்கும், அடி வாங்கிய பெண்களுக்கும், கள் வாங்கிவரப் போத்தலோடு அனுப்பப்பட்ட பிள்ளைகளுக்கும் எந்த நிதியும் ஈடு செய்யவில்லை.

நிர்வாகங்கள் சொன்ன வாதம் ஒன்று உண்டு. கள் இல்லாவிட்டால் தொழிலாளி திருட்டுச் சாராயமான சம்சுவுக்குப் போவான்; கள் அதைவிட மென்மையானது, உடலுக்குச் சத்தும் சேர்ப்பது என்றார்கள். கள்ளில் ஈஸ்ட் தரும் பி வைட்டமின் உண்டு என்பதும், சம்சு அதைவிடக் கொடியது என்பதும் உண்மைதான். ஆனால் சத்துக்காகக் கள் தேவைப்படும் நிலையில் ஒரு மனிதனை வைத்திருப்பது எந்தக் கூலி? ஆண்களுக்கு நாளொன்றுக்கு ஐம்பது சென்ட் என்று வரையறுத்த கூலியைக்கூட 1930களின் மந்தம் குறைத்தது. விலை ஏறியபோது 1937இல் மீண்டும் ஐம்பதுக்குத் திரும்பி, 1938இல் 45 சென்ட்டாக மறுபடி இறங்கியது. வயிறு நிறையாத உடம்பு, இருட்டில் தொடங்கிப் பிற்பகலில் முடியும் வேலை, போக வேறு இடமில்லாத மாலை. எதிரே திறந்திருக்கும் ஒரே கதவு கடையினுடையது.

ஊரில் விழாவுக்கு உரியதாக இருந்த கள் இப்படித்தான் தோட்டத்தில் அன்றாடப் பழக்கமானது. குடித்தவர்களைக் குறைசொல்லி முடித்துவிடுவது எளிது. மரமும் கடையும் கூலியும் ஒரே கையில் இருந்த அமைப்பைப் பார்க்காமல் அப்படிச் சொல்வது நியாயமில்லை.

கடையை மூடச் சொன்னவர்கள்

இதை எதிர்த்தவர்கள் வெளியிலிருந்து வந்து போதித்தவர்கள் மட்டுமல்ல. குடித்த குடும்பங்களுக்குள்ளிருந்தே அந்தக் குரல் எழுந்தது. தமிழ்நாட்டில் 1921இல் ஈரோட்டுக் கள்ளுக்கடை மறியலில் பெரியாரின் மனைவி நாகம்மையாரும் தங்கை கண்ணம்மாளும் முன்னின்றார்கள். பெரியார் தம் தோப்பில் இருந்த ஐந்நூறு தென்னைகளை வெட்டிச் சாய்த்தார் என்பது அக்கால வரலாற்றில் பலரும் பதிவு செய்த செய்தி. அவர் 1929 டிசம்பரில் மலாயாவுக்கு வந்தபோது தோட்டத் தமிழர்களிடையே சீர்திருத்தப் பேச்சு பரவியது. 1935இல் சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசு அந்தப் பேச்சை வாசிப்பாக்கியது. 1937 அக்டோபரில் ராஜாஜி அரசு சேலத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. சேலத்திலிருந்து வந்த குடும்பங்கள் மலாயாத் தோட்டங்களில் நிறைய இருந்தன. ஊரில் மூடிய கடை இங்கே மட்டும் ஏன் திறந்திருக்கிறது என்று கேட்பதற்கு அதற்கு மேல் காரணம் வேண்டியதில்லை.

1941இல் கிள்ளான் வட்டாரத் தோட்டத் தொழிலாளர்கள் ஆர்.எச். நாதன் முதலியோர் தலைமையில் வேலைநிறுத்தம் செய்தபோது, சீனத் தொழிலாளிக்கு நிகரான கூலி, பெண்களிடம் அத்துமீறும் மேலாட்களை நீக்குதல், துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டிய வழக்கத்தை ஒழித்தல் ஆகிய கோரிக்கைகளோடு, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பதும் இருந்தது. கோரிக்கைப் பட்டியலில் அது நின்ற இடத்தைக் கவனிக்க வேண்டும். கூலிக்கும் மானத்துக்கும் பக்கத்திலேயே அதை வைத்தார்கள். கள்ளை ஒழுக்கக் குறைவாக மட்டும் அவர்கள் பார்த்திருந்தால் அதை நிர்வாகத்திடம் கேட்டிருக்க மாட்டார்கள். கடை நிர்வாகத்தின் கருவி என்று கண்டதால்தான் கேட்டார்கள். நாதன் கைது செய்யப்பட்டு நாடு கடத்தப்பட்டார். படை வந்தது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள்.

ஜப்பானியர் காலம் தோட்டங்களைக் குலைத்தது. ஆண்களைச் சயாம் மரண ரயில்பாதைக்குக் கொண்டுபோனார்கள், பலர் திரும்பவில்லை. போர் முடிந்த கையோடு கெடாவில் ஏ.எம். சாமி தலைமையில் தொண்டர் படை எழுந்தது. சீருடை அணிந்த தோட்டத்து இளைஞர்கள் கள்ளுக்கடை முன் மறியல் செய்தார்கள். குடித்து வந்தவர்களைத் தடுத்துத் திருப்பினார்கள். 1947இல் பீடோங் வட்டாரத்தில் அது போலீஸாருடன் மோதலாகி, உயிர்ச்சேதத்தில் முடிந்தது. கிள்ளானும் கெடாவும் மலாக்காவுக்குத் தொலைவுதான். ஆனால் மலாயாவில் எந்தத் தோட்டத்துக்குப் போனாலும் அதே பெரட்டுக் களம், அதே லயம், அதே ஸ்டோர், திரும்பும் வழியில் அதே கடை. ஓரிடத்தில் மூடச் சொன்ன குரல் எல்லா இடத்துக்கும் பொருந்தியது.

லாங்கே மலையின் நிலவறை

இதே ஆண்டுகளில் இத்தாலியின் வடமேற்கில், பீட்மாண்ட் பகுதியின் லாங்கே மலைச்சரிவுகளில், இன்னொரு ஏழைக் குடியானவர் கூட்டம், கெட்டுப்போகும் பொருளோடு காத்திருக்க முடியாத இதே சிக்கலோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. இன்று பரோலோ, பர்பரெஸ்கோ என்ற பெயர்கள் உலகின் விலையுயர்ந்த சிவப்பு மதுக்களைக் குறிக்கின்றன. நெபியோலோ என்ற திராட்சையிலிருந்து, பெரும்பாலும் சில ஏக்கர் வைத்திருக்கும் குடும்பங்கள் அதைச் செய்கின்றன. அக்டோபரில் பறித்து, தோலோடு ஊறவைத்து, பெரிய ஓக் மரப் பீப்பாய்களில் ஆண்டுக்கணக்கில் வைப்பது பழைய முறை. பரோலோ என்று பெயர் வைக்க வேண்டுமானால் குறைந்தது 38 மாதம் முதிர வேண்டும், அதில் 18 மாதம் மரத்தில் இருக்க வேண்டும் என்பது சட்டம்.

ஆனால் இருபதாம் நூற்றாண்டின் நடுவில் அந்தக் குடும்பங்களில் பெரும்பாலோருக்குப் பீப்பாயும் இல்லை, நிலவறையும் இல்லை. திராட்சையை வண்டியில் ஏற்றி ஆல்பா நகரச் சதுக்கத்துக்குக் கொண்டுபோவார்கள். தரகர்கள் விலை சொல்வார்கள். பறித்த பழம் ஒரு நாளைக்கு மேல் நிற்காது. மாலை ஏற ஏற விலை இறங்கும். காலியாகத் திரும்பும் வண்டியில் கடன்தான் மிஞ்சும். இளைஞர்கள் நிலத்தை விட்டுவிட்டு டூரினில் ஃபியட் ஆலைக்கும் ஆல்பாவில் ஃபெரேரோ மிட்டாய் ஆலைக்கும் போய்க்கொண்டிருந்தார்கள்.

பர்பரெஸ்கோ ஊரில் இதற்கு ஒரு முன்மருந்து இருந்தது. ஆல்பா மதுத்தொழில் பள்ளியின் தலைமையாசிரியர் தொமிட்சியோ கவாட்சா 1894இலேயே சில விவசாயிகளைச் சேர்த்துக் கூட்டுறவு நிலவறை ஒன்றை அமைத்திருந்தார். பாசிச ஆட்சியில் அது மூடப்பட்டது. 1958இல் அவ்வூர்ப் பாதிரியார் ஃபியோரினோ மரேங்கோ 19 சிறு குடும்பங்களை மறுபடி ஒன்று சேர்த்தார். முதல் சில ஆண்டு மதுவை மாதா கோயிலின் அடித்தளத்திலேயே செய்தார்கள். பீப்பாயும் இருட்டறையும் கிடைத்ததும் குடும்பங்களுக்குக் கிடைத்தது அவகாசம். இன்று மாலைக்குள் விற்றாக வேண்டும் என்ற கட்டாயம் போயிற்று. பர்பரெஸ்கோ உற்பத்தியாளர் கூட்டுறவு இன்றும் மதுவுலகில் மதிப்புக்குரிய பெயர்.

1986இல் இன்னொரு பாடம் வந்தது. லாங்கே அடங்கிய அதே குனெயோ மாவட்டத்தின் நார்சோலே ஊரிலிருந்து போன மலிவு மதுவில், போதை கூட்ட மெத்தனால் கலக்கப்பட்டிருந்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பலர் பார்வை இழந்தார்கள். இத்தாலிய மது ஏற்றுமதி சரிந்தது. அதற்குப் பிறகு சட்டம் இறுகியது. மொத்த வியாபாரியின் தொட்டியில் பெயரில்லாமல் கலந்துபோவதைவிட, தன் நிலத்தில் விளைந்ததைத் தன் பெயரிட்டுப் போத்தலில் அடைப்பதே பாதுகாப்பு என்று சிறு குடும்பங்கள் தெளிந்தன. போத்தலில் பெயர் இருந்தால் குற்றத்துக்கும் அதே பெயர்தான் பொறுப்பு. அந்தப் பொறுப்புதான் தரத்தைக் காத்தது.

மாதம் பத்து வெள்ளி

பர்பரெஸ்கோவில் பத்தொன்பது குடும்பங்கள் சேர்ந்த அதே காலத்தில் மலாயாவில் வேறொரு ஆபத்து. சுதந்திரத்தை ஒட்டி ஐரோப்பியக் கம்பெனிகள் பல தோட்டங்களை விற்றுவிட்டுப் போயின. வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு போட்டு விற்றார்கள். மரம் கைமாறியது, தலைமுறையாகப் பால் வெட்டிய குடும்பங்களுக்கு வேலையும் போயிற்று, குடியிருந்த லயமும் போயிற்று.

மலாயா இந்தியர்களின் தலைவர் துன் வீ.தி. சம்பந்தன் தோட்டம் தோட்டமாகப் போனார். மாதம் பத்து வெள்ளி கொடுங்கள், விற்பனைக்கு வரும் தோட்டத்தை நாமே வாங்குவோம் என்று கேட்டார். 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. கெடாவின் புக்கிட் சீடிம் அது வாங்கிய முதல் தோட்டம். கூலியில் மிச்சம் பிடித்த பணத்தில், கடைக்குப் போகாமல் தடுத்த பணத்தில், பால் வெட்டியவர்கள் மரத்துக்கு உடைமையாளர்கள் ஆனார்கள். பாதிரியார் மரேங்கோவும் சம்பந்தனும் ஒருவரையொருவர் அறிந்தவர்கள் அல்லர். ஆனால் இருவரும் கண்டுபிடித்த மருந்து ஒன்றே: தனித்து நிற்கும் ஏழைக்கு இல்லாத நிலவறையையும் ஸ்டோரையும் சேர்ந்து நிற்கும் ஏழைகளால் வாங்க முடியும்.

ஆனால் அந்த மருந்து எல்லாருக்கும் போய்ச் சேரவில்லை. குடியுரிமை இல்லாதவர்களுக்கு 1969இல் வேலை அனுமதிக் கட்டுப்பாடு வந்தபோது பல்லாயிரம் பேர் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். ரப்பரை வெட்டிச் செம்பனை நட்டார்கள். மலாக்காவில் பத்து பெரெண்டாம் தடையற்ற வாணிப வட்டாரத்தில் மின்னணு ஆலைகள் திறந்தன. தோட்டத்துப் பெண்கள் கம்பெனி பஸ்ஸில் ஏறினார்கள். பிறகு செம்பனையும் குறைந்து வீடமைப்பு வந்தது. ஆள் குறைந்த இடத்தில் கள்ளுக்கடையும் ஒவ்வொன்றாக மூடியது. தொண்டர் படை கேட்டது நடந்தது, அவர்கள் நினைத்த வழியில் அல்ல.

கடை போன இடத்துக்குச் சம்சு வந்தது. சின்னப் போத்தல், மலிவு விலை, கள்ளைவிடப் பல மடங்கு போதை. பினாங்குப் பயனீட்டாளர் சங்கம் அதை எதிர்த்துப் பல ஆண்டுகளாகக் குரல் கொடுத்து வருகிறது. 2018 செப்டம்பரில் சிலாங்கூர், கோலாலம்பூர் வட்டாரத்தில் மெத்தனால் கலந்த போலி மது முப்பதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது. இறந்தவர்களில் பெரும்பாலோர் வேற்று நாடுகளிலிருந்து கூலி வேலைக்கு வந்தவர்கள். ரப்பர்த் தோட்டத்துக்குத் தமிழன் வந்த அதே நிலையில் வந்தவர்கள். நார்சோலேயில் கொன்ற அதே நஞ்சுதான் இங்கும் கொன்றது. இரண்டு இடத்திலும் அது மலிவாகத்தான் வந்தது, பெயரை மறைத்துத்தான் வந்தது, ஏழையைத் தேடித்தான் வந்தது.

யாருடைய மரம், யாருடைய கடை

கள்ளை மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று நான் எழுதவில்லை. தமிழ்நாடு 1987 தொடங்கித் தடை விதித்திருக்கிறது. கேரளம் அனுமதித்து, இறக்கும் தொழிலாளிக்கு 1969இலேயே நலநிதிச் சட்டம் கொடுத்தது. எது சரி என்ற வாதம் அங்கே இன்னும் முடியவில்லை. மலாயாவில் கடையை மூடச் சொன்னவர்கள் சரியாகவே சொன்னார்கள். அது அவர்களுடைய கடையாக இருந்ததில்லை. கூலி கொடுத்த கையே திருப்பி வாங்கிக்கொள்ளத் திறந்த கடை அது.

பரோலோ உயர்ந்தது, கள் தாழ்ந்தது என்று சொல்லித் தருவது தவறு. நிலவறையில் 38 மாதம் முதிரும் மதுவும் கலயத்தில் ஒரு நாள் வாழும் மதுவும் தத்தம் மண்ணின் பொருள்கள். லாங்கேயின் சிவப்பு மது மதிப்புப் பெற்றதற்கு அதன் மணம் மட்டும் காரணமல்ல. கொடியை வளர்த்த குடும்பம் நிலவறைக்கும் உரிமையாளர் ஆனதும், போத்தலில் தன் பெயரை எழுதியதும் அதைவிடப் பெரிய காரணம். கள் சீரழிந்தது அதன் புளிப்பால் அல்ல. மரம் ஏறியவனுக்கும் குடித்தவனுக்கும் அதில் எந்தப் பங்கும் இல்லாததால்.

மலாக்காவில் இன்று பல தோட்டங்கள் பெயராக மட்டும் நிற்கின்றன. அந்தப் பெயர்களைச் சுமப்பவை தமிழ்ப்பள்ளிகள். புக்கிட் லிந்தாங், மெர்லிமாவ், காடேக், டைமண்ட் ஜூபிலி என்று பலகையில் எழுதியிருக்கும் அந்தப் பள்ளிகளில் படிக்கும் பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டிகள் பால் வெட்டினார்கள் என்பது தெரியும். கள்ளுக்கடையைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், வெட்கம் தடுத்திருக்கும். அந்த வெட்கம் அவர்களுடையதல்ல, கடையை வைத்தவர்களுடையது. பிள்ளைகளுக்கு அதைச் சொல்ல வேண்டும். மறியலில் நின்ற இளைஞர்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாதம் பத்து வெள்ளி எடுத்துவைத்துத் தோட்டம் வாங்கியவர்களைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

உழைப்பின் பலன் எதுவானாலும் அன்றைக்கே கெட்டுப்போகக் கூடியதுதான். பாலும் அப்படி, பழமும் அப்படி, இன்றைய ஆலைக் கூலியும் அப்படி. அதைச் சேர்த்து வைக்க ஓர் இடம் நமக்கென்று இருந்தால்தான் விலை நாம் சொல்வதாக இருக்கும். அந்த இடத்தைத் தனியாகக் கட்ட முடியாதவர்கள் சேர்ந்து கட்டலாம் என்பதைப் பர்பரெஸ்கோவின் பத்தொன்பது குடும்பங்களும் மலாயாவின் தோட்டத் தொழிலாளர்களும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் செய்து காட்டினார்கள். அடுத்த தலைமுறை அந்த வேலையை அங்கிருந்தே தொடர வேண்டும்.